முதலாம் கட்டம்: எரிவு

“தங்கச்சி, உது முகத்துக்குப் பூசுறதுதானே?”

யோகராணி அக்கா இதை என்னிடம் மேடையில் வைத்துக் கேட்டார். உதடு அதிகம் அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். அவருடைய தலைமயிரை வெள்ளைத் துவாயால் சுற்றிக் கட்டியிருந்தோம். என் கையில் ஒரு பீங்கான் கிண்ணமும் அதற்குள் தண்ணீர் விட்டுக் குழைத்த தவிடும் இருந்தன. முன்னால் நூற்றைம்பது பேர் சப்பாத்தில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கேள்விக்கு விடை எனக்குத் தெரியும்.

நான் சொன்ன பதிலை எழுதுவதற்கு முன் கல்லூரியைப் பற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதில் இன்னும் கேவலமாகத் தெரியும். எழுதினாலும் அப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

சக்குரா ஜப்பானிய சரும நல உயர்கல்லூரி ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருந்தது. சுவரில் பனி மூடிய எரிமலைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கிட்டப் போனால் அதில் வெங்காய மணம் வீசும். 1996 செப்டெம்பரில் நான் அங்கே சேர்ந்தேன். அதற்கு முந்திய வசந்தத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். காரணம் சின்னது. ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவரும் முன்னால் போய் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். என் முறை வந்த நாள் நான் வாஷ்ரூமில் இருந்தேன். அடுத்த நாளும் அங்கேதான் இருந்தேன். பிறகு பஸ்ஸில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய் வேறு தரிப்பில் இறங்கப் பழகிக்கொண்டேன். மே மாதம் வீட்டுக்குக் கடிதம் வந்தது.

அம்மா ஏசவில்லை. ஆனால் கலியாண வீடுகளில் யாராவது, “மகள் இப்ப என்ன படிக்கிறா?” என்று கேட்டால் அம்மாவுக்குத் தண்ணீர் விடாய்க்கத் தொடங்கிவிடும். எழும்பிப் போய் நிறைய நேரம் குடிப்பார். பத்திரிகையில் கல்லூரியின் விளம்பரம் வந்தபோது அவர் கண்ணில் பட்டது ‘டிப்ளோமா’ என்ற சொல் மட்டும்தான். அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே ஹோல் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டார். நான் படித்த நாலு மாதமும் அந்த ஆணி வெறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லூரியின் அதிபர் இரத்தினவேல் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் கணித ரியூசன் கொடுத்தவர். அவரிடம் படித்துப் பொறியியலாளர்களானவர்கள் இப்போது ரொறன்ரோவில் ரக்சி ஓடுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்வார். அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. முதல் நாள் உரையிலேயே அதற்கு விளக்கம் தந்தார்.

“போய்ப் பாத்தவன் தான் பாத்ததை மட்டும்தான் படிப்பிப்பான். போகாதவன்தான் முழுப் பாடத்திட்டத்தையும் படிப்பிப்பான்.”

நாங்கள் பதினெட்டுப் பெண்களும் அதை எழுதிக்கொண்டோம்.

பதிவாளர் மங்கையற்கரசி மிஸ். கண்ணாடி அலுமாரியின் திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில் தாலிக்கொடியோடு சேர்ந்து தொங்கும். அலுமாரிக்குள்தான் கல்லூரியின் ஜப்பானியப் பொருட்கள் இருந்தன. நகரத்தின் நடுவே மூடப்பட்ட ஒரு கடையின் மிச்சச் சாமானை மாஸ்டர் மூன்று பெரிய பெட்டிகளாக எடுத்து வந்திருந்தார். சவர்க்காரம், தலைக்கு வைக்கும் எண்ணெய், மெல்லிய நீலத்தாள், தடித்த கறுப்புத்தாள், தவிடு அடைத்த கடதாசிப் பக்கெட்டுகள், சிவப்பாக ஏதோ ஊறிய போத்தல்கள். எல்லாவற்றிலும் ஜப்பானிய எழுத்து. அதை வாசிக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பெட்டியின் மேல் பெண்ணொருத்தியின் முகம் அச்சாகியிருந்தது. ஆகவே மூன்று பெட்டிகளில் இருந்த அனைத்தும் முகத்துக்குரியவை என்று கல்விச்சபை தீர்மானித்தது. கல்விச்சபை என்றால் மாஸ்டரும் மிஸ்ஸும்.

தவிட்டுப் பக்கெட்டில் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் படமாக இருந்தன. வெள்ளரிக்காய் கண்ணுக்குக் குளிர்ச்சியையும் கத்தரிக்காய் சருமத்தின் மினுக்கத்தையும் குறிக்கும் என்று மாஸ்டர் நோட்ஸ் தந்தார். இரண்டு புள்ளிக் கேள்வியாக வரக்கூடும் என்றும் சொன்னார்.

கல்லூரிக்கு அது முதல் வருடம். ஆனாலும் பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாள்கள் விற்பனைக்கு இருந்தன.

வகுப்புக்குள் வரும்போது குனிந்து வணங்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் பதினைந்து பாகை, மிஸ்ஸுக்கு முப்பது, மாஸ்டருக்கு நாற்பத்தைந்து. கரும்பலகைக்கு வைத்திருந்த பெரிய மரக் கோணமானியை மாஸ்டர் எங்கள் இடுப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். “நாற்பத்தொண்டு” என்று சொல்லிவிட்டு நாலு பாகை குனியும்வரை காத்திருப்பார். முதுகு வருத்தக்காரர்கள் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்து முப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அலுமாரி ஐந்தாவது வாரம் செய்முறைப் பாடத்துக்காக ஒருமுறை திறக்கப்பட்டது. நெற்றி எண்ணெய் ஒற்றும் தாள் என்று நோட்ஸில் இருந்த கறுப்புத்தாளை மிஸ் ஆளுக்கொரு துண்டாக வெட்டிக் கொடுத்தார். நாங்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டோம். அது வேர்வைக்குச் சுருங்கி இறுகிப் பிடித்தது. கருவாட்டு மணம் வந்தது. பதினெட்டுப் பேரும் நெற்றியில் கறுப்புச் சதுரத்தோடு பேசாமல் இருந்தபோது ஜெயமலர் அக்கா கையை உயர்த்தினார்.

“மாஸ்டர், நான் கோப்பை கழுவுற ரெஸ்டோரன்டிலை உதுக்குள்ளை சோறு வைச்சுச் சுத்துறவை. உது சாப்பாடு.”

“நீர் அங்கை என்ன பதவியிலை இருக்கிறீர்?”

“கோப்பை கழுவுறன்.”

“அப்ப கோப்பையைப் பற்றிக் கேக்கேக்கை சொல்லும்.”

ஜெயமலர் அக்கா நெற்றியிலிருந்து தாளை உரித்தெடுத்தார். மடித்து வாய்க்குள் போட்டு மென்றார். “உப்புக் கொஞ்சம் காணாது” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. அன்றே மாஸ்டர் செய்முறைப் பாடத்தை ஒழித்தார். பொருளைத் தொட்டால் ஒழுக்கம் கெடுகிறது என்று விளம்பரப் பலகையில் அறிவித்தல் போட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எழுதுவது மட்டும் என்றால் எனக்கு வரும்.

யோகராணி அக்காவுக்கு எழுத வராது. முப்பத்துமூன்று வயது. விடியற்காலையில் அலுவலகங்கள் துடைத்துவிட்டு நேரே வகுப்புக்கு வருவார். மாஸ்டரின் வேகத்துக்கு எழுத முடியாமல் போகும். ஆகவே திரும்பிப் போகும்போது பஸ்ஸில் என் கொப்பியைப் பார்த்து எழுதுவார். அவருடைய பூட்ஸில் இடதுகால் சிப் பாதியில் இறுகி நின்றுவிடும். அவருக்குக் குனிந்தால் முதுகு பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு நாளும் நான்தான் குனிந்து இழுத்துவிடுவேன். “என்ரை மாஸ்டர் நீதான்” என்பார்.

அவருடைய இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருந்தது. “இது வெயில் பட்டு வந்ததில்லை தங்கச்சி. யோசிச்சு வந்தது” என்று ஒருநாள் சொன்னார். மார்க்கம் நகரில் இருக்கும், மனைவியை இழந்த ஒருவருக்கு இவரைப் பெண் கேட்டிருந்தார்கள். அந்த மனிதருக்குச் சம்மதம். ஆனால் முடிவு தமக்கையின் கையில். தமக்கை படத்தைப் பார்த்துவிட்டு, “முகத்திலை என்ன, நிழலோ?” என்று கேட்டாவாம். யோகராணி அக்கா அதற்காகத்தான் கல்லூரிக்கு வந்தார். எங்களில் பொருட்களை உண்மையாக நம்பியது அவர் மட்டும்தான். எங்களுக்கு வேண்டியிருந்தது டிப்ளோமாக் கடதாசி.

மாஸ்டருக்கு இந்தக் கதை எப்படியோ தெரியவந்தது. தை மாதப் பட்டமளிப்பு விழாவில் மேடையில் வைத்து ஒருவருக்குத் தவிட்டுப் பூச்சுப் பூசிக் காட்டுவது என்றும், அந்த ஒருவர் யோகராணி என்றும், மாப்பிள்ளையின் தமக்கைக்கு மூன்றாவது வரிசையில் இடம் ஒதுக்குவது என்றும் கல்விச்சபை தீர்மானித்தது. யோகராணி அக்கா பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “அவவே கண்ணாலை பாக்கட்டும்” என்றார்.

விழாவுக்குப் பக்கெட்டுகள் காணாது என்று மாஸ்டர் டிசெம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை என்னை அனுப்பினார். வெறும் பக்கெட்டைக் கையில் தந்து, இதைப்போல் பன்னிரண்டு வாங்கிவரச் சொன்னார். சப்வே எடுத்துப் போய் ஒரு சின்ன ஜப்பானியக் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவருக்கும் எனக்கும் ஆங்கிலம் ஒரே அளவுக்குத் தெரியாததால் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

பன்னிரண்டு என்றதும் அவர் கண்ணை விரித்தார். ரெஸ்டோரன்டா என்று கேட்டார். காலேஜ் என்றேன். மகிழ்ந்துபோய், எத்தனை வெள்ளரிக்காய் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் பின்னால் போய் ஒரு வாளியைத் தூக்கிவந்தார். ஈரத் தவிட்டுக்குள் கைவிட்டு ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, துடைத்து, வெட்டி, ஒரு துண்டு தந்தார். உப்பும் புளிப்பும் லேசான உறைப்புமாக இருந்தது. சோற்றோடு சாப்பிடலாம்.

நான் பக்கெட்டைக் காட்டி, என் கன்னத்தைத் தடவிக் காட்டினேன். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தவிட்டிலிருந்து சிவப்புத் துணுக்கு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து, உஸ் என்று ஊதினார். மிளகாய். இன்னொரு மஞ்சள் தூளுக்கு மூக்கைப் பொத்தினார். கடுகு. கையைக் குறுக்காக ஆட்டி, முகத்துக்கு வேண்டவே வேண்டாம் என்றார். அதோடு நிற்காமல் உள்ளே போய், ஒரு சின்ன வெள்ளைத் துணிப்பை கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதற்குள் ஒன்றும் கலக்காத வெறும் தவிடு. தண்ணீரில் நனைத்து முகத்தை ஒற்றுவதுபோல் செய்து காட்டினார். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று இருந்தது. அந்தப் பைக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் காலை மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் நான் தொடர்ச்சியாகப் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

“அந்த மனுசி என்ன படிச்சவ?” என்று மாஸ்டர் கேட்டார்.

“தெரியாது மாஸ்டர். ஆனா அவ ஜப்பான் ஆள்.”

“பிள்ளை, நாங்கள் எல்லாரும் தமிழ் ஆக்கள். நீர் ஊரிலை கடைசியாத் தமிழுக்கு எத்தினை எடுத்தனீர்?”

“நாப்பத்தொண்டு.”

“பாத்தீரே. பிறந்தாப்போலை தெரியுமெண்டு இல்லை.”

துணிப்பையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதிலை ஒரு எழுத்தும் இல்லை. எழுத்தில்லாததை என்னெண்டு படிப்பிக்கிறது?” என்று என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு சற்று யோசித்தார். “எரியும் எண்டு சொன்னனீர் என்ன?”

“ஓம் மாஸ்டர். மிளகாய் கிடக்கு.”

அவர் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். “எழுதுங்கோ மிஸ். முதலாம் கட்டம், எரிவு. ரெண்டாம் கட்டம், சிவப்பு. மூண்டாம் கட்டம், வெளிப்பு. எங்கடை பாடத்திட்டத்திலை ஒரு குறை இருந்திருக்கு. பிள்ளை போய்க் கண்டுபிடிச்சு வந்திருக்கு. இதுக்குத்தான் ஆராய்ச்சி எண்டு பேர்.”

மிஸ் எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, “இந்த முறை தங்கப் பதக்கம் ஆருக்கு எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனாங்கள்” என்றார்.

மூன்று கட்டங்களும் அந்தக் கிழமையே நோட்ஸாக வந்தன. யோகராணி அக்கா அவற்றைப் பஸ்ஸில் என் கொப்பியிலிருந்து எழுதிப் பாடமாக்கினார். எரிவு, சிவப்பு, வெளிப்பு. எரிவு, சிவப்பு, வெளிப்பு. ஒவ்வொரு தரிப்பிலும் அடுத்த தரிப்பில் சொல்வோம் என்று நினைத்தேன். வீட்டில் அம்மா தொழிற்சாலையில் லீவு கேட்டு எடுத்துவிட்டார். ரெக்ஸ்டேலில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில், “கோல்ட் மெடலாம்” என்று சொன்னார். பெரியம்மா கேள்வி கேட்டார் போலிருக்கிறது. அம்மா தண்ணீர் குடிக்கப் போகவில்லை. அன்று முழுவதும் போகவில்லை.

விழா தை மாதம் மூன்றாம் ஞாயிறு, கல்லூரியிலேயே. ஜப்பானிய முறைப்படி சப்பாத்துகளை வாசலில் கழற்ற வேண்டும் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். எங்கள் சனம் அச்சடிக்காவிட்டாலும் கழற்றும். வாசலில் நூற்றைம்பது சோடி பனிப் பூட்ஸுகள் உருகி நனைந்து மலைபோலக் கிடந்தன. நானும் யோகராணி அக்காவும் ஒன்றாகத்தான் வந்தோம். அவருடையதை நான் சிப்பை இழுத்துக் கழற்றி, அவர் உள்ளே போனபின் ஹீற்றருக்குப் பக்கத்தில், யாரும் மிதிக்காத மூலையில் வைத்தேன்.

பிரதம விருந்தினர் மார்க்கத்தில் வீடு விற்றுக் கொடுக்கும் கோணேஸ்வரன் அங்கிள். எல்லா விழாவுக்கும் அவர்தான். சிவப்புப் போத்தலில் ஊறியதைக் கல்லூரி இனிப்பு என்று வைத்து, தட்டில் நீட்டியது. அவர் மூன்றை ஒன்றாக வாய்க்குள் போட்டார். அது உப்பில் ஊறிய புளிப்புப் பழம். அவருடைய முகம் ஒரு பக்கமாக இழுபட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கோலத்திலேயே அவர் ஒலிவாங்கிக்குப் போய், கல்லூரியைப் பார்க்கத் தனக்குப் பேச்சு வரவில்லை என்றார். சனம் கைதட்டியது.

பிறகு மாஸ்டர் பேசினார்.

“கனடாவிலை எல்லாத்தையும் செய்து பாத்துப் படிக்கினம். செய்து பாத்தால் பிழை வரும். எங்கடை பிள்ளையள் நாலு மாதமாக ஒரு சாமானிலையும் கை வைக்கேல்லை. ஆகவே ஒரு பிழையும் விடேல்லை. இதுதான் எங்கடை தரம். நான் நாப்பது வருசம் படிப்பிச்சனான். என்னட்டைப் படிச்ச பிள்ளையள் ஒருநாளும் ஏன் எண்டு கேட்டதில்லை. அந்த மரியாதையை இந்த நாட்டிலையும் நாங்கள் காப்பாத்தியிருக்கிறம்.”

மிஸ் அலுமாரியைத் திறந்தார். யோகராணி அக்கா கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன். விளக்கவுரை, செல்வி தனுஷிகா என்று என் பெயர் நிகழ்ச்சிநிரலில் இருந்தது. மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளையின் தமக்கை கைப்பையை மடியில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் அம்மா, புதுச் சேலையில். வெள்ளைத் துணிப்பை என் கோட் பைக்குள், மேடைக்குப் பின்னால் தொங்கியது. பத்து அடி தூரம்.

அப்போதுதான் யோகராணி அக்கா கேட்டார். என்ன நினைத்தாரோ தெரியாது. கிண்ணத்துக்குள் கிடந்த மிளகாய்த் துணுக்கு கண்ணில் பட்டிருக்கலாம்.

“தங்கச்சி, உது முகத்துக்குப் பூசுறதுதானே?”

“ஓம் அக்கா” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். ஐந்து நிமிடம் பேசினேன். ஒரு சொல் தடுமாறவில்லை. வெள்ளரிக்காய் எதைக் குறிக்கிறது, கத்தரிக்காய் எதைக் குறிக்கிறது, மூன்று கட்டங்கள் எவை என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வராத குரல் அன்று அப்படி வந்தது. பேசிக்கொண்டே இரண்டு கன்னத்திலும் தடித்துப் பூசினேன். மங்கு இருந்த இடத்தில் இரண்டு தரம் பூசினேன், அங்கேதான் கூடத் தேவை என்று நோட்ஸில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கைகள் கதிரைப் பிடியை இறுக்கின. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து தவிட்டில் கோடு போட்டது.

“முதலாம் கட்டமோ?” என்று மெல்லக் கேட்டார்.

“ஓம்.”

“அப்ப சரி” என்றார். அசையாமல் இருந்தார்.

மாஸ்டர் ஒலிவாங்கியை வாங்கி, எரிவு நேரத்துக்கு வந்துவிட்டதாகச் சபைக்கு அறிவித்தார். பூச்சை வழித்தெடுத்தபோது கன்னங்கள் இரண்டும் சிவந்து தடித்து வீங்கியிருந்தன. இரண்டாம் கட்டமும் பிந்தவில்லை என்றார். கைதட்டல் எழும்பியது. மூன்றாவது வரிசையில் தமக்கை கைதட்டவில்லை. யோகராணி அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினார்.

என் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். சட்டம் போட்ட டிப்ளோமாவைக் கையில் தந்தார்கள். நாற்பத்தைந்து பாகை குனிந்தேன். மேடையிலிருந்து இறங்கியதும் அம்மா என் கன்னத்தைப் பிடித்தார். “இவ்வளவு நல்லாக் கதைப்பியே பிள்ளை” என்றார். அம்மா என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. நான் அந்தக் கையை விலக்கிவிட்டு வாஷ்ரூமுக்குப் போனேன்.

யோகராணி அக்கா சிங்கில் குனிந்து முகத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

“முதலாம் கட்டம் எத்தினை நிமிசம் தங்கச்சி? ஒருக்கால் கொப்பியைப் பாத்துச் சொல்லு.”

நோட்ஸில் நிமிடக் கணக்கு இல்லை.

“அக்கா, கட்டம் ஒண்டும் இல்லை. உது வெள்ளரிக்காய் ஊறப்போடுற தவிடு. மிளகாயும் கடுகும் கலந்தது. எனக்கு நத்தாருக்கு முதலே தெரியும்.”

அவர் தண்ணீரை நிற்பாட்டினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்த பதக்கத்தைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து, முகத்தை ஒற்றி, துவாயை நாலாக மடித்து சிங்கின் ஓரத்தில் வைத்தார். பிறகு என்னைக் கடந்து வாசலுக்குப் போனார்.

வாசலில் அவர் பூட்ஸைத் தேடினார். வீங்கிய கண்ணால் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கொத்துரொட்டிக் கடையிலிருந்து சாப்பாடு வந்து சனம் வரிசையில் நின்றது. ஹீற்றர் மூலையில் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். போய் எடுத்துவந்து நீட்டினேன். மற்றக் கையில், கோட்டிலிருந்து எடுத்துவந்த துணிப்பையும் இருந்தது. பூட்ஸை மட்டும் வாங்கினார். சுவரில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, வலதுகாலைப் போட்டார். இடதுகாலையும் போட்டார். சிப் வழக்கம்போலப் பாதியில் இறுகி நின்றது. நான் குனியப் போனேன். அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். சிப் பாதி திறந்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு படியிறங்கிப் போனார்.